சிசுவின் இருதயமும் கடுங்குளிரும்



37 டிகிரி சென்டிகிரேட் என்னும் உஷ்ணநிலையில் இயங்கும்படி அமைந்த மனித சரீரத்தை, அதிலும் பிறந்து சில நாட்களே ஆன, மூன்று கிலோ எடைகூட நிரம்பாத ஒரு சிசுவின் சரீரத்தை, 18 டிகிரி வரையில் வேண்டுமென்றே குளிர்வித்து, இருதயத்தை நிறுத்தி, நாளங்களில் ஓடிய இரத்தத்தையும் வெளியே வடித்துத் தேக்கி வைத்துக்கொண்டு, மூளையின் மின்னலைகள் அடங்கிக் கிடக்கும் அந்த நிலையில் அரைமணி நேரம்வரை வேலை செய்து, பிறகு அந்த இரத்தத்தை மீண்டும் உள்ளே செலுத்திச் சூடேற்றி, அழவும் பால் குடிக்கவும் வல்ல குழந்தையாக அதனைத் தாயின் கையில் திருப்பித் தருகின்ற காரியம் இன்று பெரிய மருத்துவமனைகளில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. இது எவ்வாறு சாத்தியமாயிற்று, இதனால் கிடைத்த லாபம் எத்தகையது, அந்த லாபத்துக்காகக் குழந்தைகள் பின்னாளில் ஏதேனும் விலை கொடுத்தார்களா என்பவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணியிருக்கிறேன்.

சஸ்திர சிகிச்சையின் சரித்திரத்தில் இருதயத்தின் உட்புறம் நெடுங்காலம் எட்டாத இடமாகவே இருந்தது. 1938-ல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ், பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு நாளம் மூடாமற்போன குழந்தைக்கு அதைக் கட்டி முடித்ததும், 1944-ல் பால்டிமோரில் ஆல்ஃபிரட் பிளேலாக், ஹெலன் டாஸிக் என்னும் குழந்தை மருத்துவரின் யோசனைப்படியும் விவியன் தாமஸ் என்னும் உதவியாளரின் கைத்திறத்தைத் துணைக்கொண்டும், நீலம் பாரித்த குழந்தைகளின் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல வழிசெய்ததும் பெருஞ்சாதனைகளே என்றாலும், அவை யாவும் இருதயத்துக்கு வெளியே, அது துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யப்பட்டவை. உள்ளே உள்ள துவாரத்தைக் கண்ணால் பார்த்துத் தைக்க வேண்டுமாயின் இருதயத்துக்குள் இரத்தம் வராமல் தடுத்தாக வேண்டும். தடுத்தாலோ, சரீரத்தின் சாதாரண உஷ்ணத்தில் நாலைந்து நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்கிவிடும். அத்தனை சொற்ப அவகாசத்தில் எந்த ரணவைத்தியர் எதைத் தைக்க முடியும்?

இந்த இக்கட்டிலிருந்து வெளியேற ஒரு வழியைக் காட்டியவர் கானடா தேசத்து டொரான்டோ நகரைச் சேர்ந்த வில்ஃபிரட் பிகலோ. குளிரால் உறைந்துபோன விரல்களை வெட்டியெடுக்க நேர்ந்த இளம் மருத்துவராக அவர் குளிரைப் பற்றி ஆராயத் தொடங்கியவர். பின்னர் பால்டிமோருக்குச் சென்று பிளேலாக்கின் சிகிச்சைகளைக் கண்டபோது, இருதயத்தைத் திறக்காமல் இந்தத் துறை இனி முன்னேறாது என்ற எண்ணமும், சரீரம் முழுவதையும் குளிர்வித்தால் அதன் பிராணவாயுத் தேவை குறையுமே என்ற எண்ணமும் அவருக்கு ஒருங்கே உதித்தன. குளிர்ந்த பிராணியின் சரீரம் நடுங்கி நடுங்கி முன்னிலும் அதிகமாகப் பிராணவாயுவைச் செலவழிக்கும் என்பதே அக்கால அபிப்பிராயம். மயக்க மருந்தால் அந்த நடுக்கத்தை அடக்கிவிட்டால், உஷ்ணம் குறையக் குறையப் பிராணவாயுச் செலவும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே போகிறது என்பதைப் பிகலோவும் அவருடைய சகாக்களும் நாய்களைக் கொண்டு நிரூபித்து 1950-ல் வெளியிட்டார்கள். விளக்கின் திரியைத் தணித்து வைத்தால் இருக்கும் எண்ணெயே நெடுநேரம் வருவது போல, 20 டிகிரிக்கு இறக்கிய சரீரம் பதினைந்து நிமிஷம்வரை இரத்தவோட்டமின்றித் தாங்கியது. பல நாய்கள் பிழைக்கவில்லை. குளிர்ந்த இருதயம் ஒழுங்கு தவறிப் படபடத்து நின்றுவிடுவதே பெரிய அபாயமாக இருந்தது.

வட அமெரிக்காவில் கிரவுண்ட்ஹாக் என்றொரு வளைவாழ் பிராணி உண்டு. குளிர்காலம் முழுவதும் உறைநிலைக்குச் சில டிகிரிகளே மேலான உஷ்ணத்தில் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் எவ்வித ஊனமுமின்றி எழுந்து நடமாடும். நாய்களுக்கு வந்த அபாயம் இதற்கு ஏன் வருவதில்லை என்று அறிய விரும்பிய பிகலோ, டொரான்டோவுக்கு அருகில் பண்ணை வைத்து அவற்றை நூற்றுக்கணக்கில் வளர்த்தார்; உறக்கத்துக்குக் காரணமான ஏதோ ஒரு ரசம் அதன் உடலில் சுரக்கிறதென்று நம்பி ஆண்டுக்கணக்காகத் தேடி, கடைசியில் ஒன்றைப் பிரித்தெடுத்து அதற்கு ஹைபர்னின் என்று பெயரும் சூட்டினார். அது பிராணியின் சுரப்பே அன்று, சோதனைச்சாலையின் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்து கலந்த இரசாயனம் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த ஏமாற்றத்தை அவரே தம் நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அந்தப் பிராணியிடம் கற்க வேண்டியது வேறொன்று இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிகலோவின் யோசனையை மனிதரிடம் முதன்முதலாக வெற்றியோடு பிரயோகித்தவர் மினசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் லூயிஸ். 1952 செப்டம்பர் 2-ஆம் தேதி, இருதயத்தின் மேலறைகளுக்கிடையே துவாரமுள்ள ஐந்து வயதுச் சிறுமியை 28 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, இருதயத்துக்கு வரும் பெருநாளங்களை ஐந்தரை நிமிஷம் அடைத்துவைத்து, திறந்து, பார்த்து, தைத்து முடித்தார். அவளை மறுபடி வெந்நீரில் இட்டுச் சூடேற்றிய தொட்டி, பண்ணைகளில் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்ட உபயோகிப்பது என்று சொல்வார்கள். ஆனால் 28 டிகிரி தருகிற அவகாசம் ஏழெட்டு நிமிஷமே; எளிய துவாரத்துக்கு அது போதும், சிக்கலான பிறவிக் கோளாறுகளுக்குப் போதாது. மறு ஆண்டு மே மாதத்தில் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தானே ஏற்றுச் செய்யும் இயந்திரத்தைக் கொண்டு ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சிகிச்சை செய்து வெற்றி கண்டதும், சில ஆண்டுகளில் அந்த இயந்திரம் திருத்தம் பெற்று நிலைத்துவிட்டதும், குளிர்முறையைப் பெரும்பாலோர் மறந்துவிடும்படி செய்தன. எனினும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் சார்லஸ் ட்ரூ 1959-ல் நோயாளியின் சொந்த நுரையீரலையே பயன்படுத்தி இரத்தத்தை 15 டிகிரிவரை குளிர்வித்து, முக்கால் மணி நேரம்வரை ஓட்டத்தை நிறுத்திக் காட்டினார். சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் மெஷால்கினும் அவரைச் சார்ந்தோரும் இயந்திரமே இல்லாமல் பனிக்கட்டியை மாத்திரம் நம்பி இருதயத்தைத் திறந்து வந்தார்கள்.

பெரியவர்களுக்கு இயந்திரம் வந்துவிட்டபின் குளிர் எதற்கு என்று கேட்கலாம். சிசுவுக்கு அந்த இயந்திரம் உதவவில்லை என்பதே விடை. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர், ஒரு பெரிய தம்ளர் அளவு. அந்தக் காலத்து இயந்திரத்தின் குழாய்களையும் கலங்களையும் நிரப்புவதற்கே அதைப்போலப் பலமடங்கு இரத்தம் வேண்டும். அது அத்தனையும் பிறருடைய இரத்தம். அந்நியப் பரப்புகளில் உரசிச் செல்லும் இரத்தத்தால் சிசுவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உடல் வீங்கும், போதாததற்கு, மிகச் சிறிய நாளங்களுக்கு மத்தியில் இரண்டு மூன்று குழாய்கள் குறுக்கே கிடந்து, ரணவைத்தியரின் பார்வையையும் ஊசியையும் மறிக்கும். ஆகவே 1960-களில் பத்துக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையை அந்த இயந்திரத்தில் இடுவதற்கு அநேகர் அஞ்சினர். துவாரத்தை இப்போது தைக்க வேண்டாம், நுரையீரல் தமனியைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி அங்கே பாயும் வெள்ளத்தைக் குறைத்து வைப்போம், அல்லது பிளேலாக் செய்தது போல ஒரு மாற்றுவழி அமைத்துக் கொடுப்போம், குழந்தை வளரட்டும், நாலைந்து வயதானபின் உண்மையான சிகிச்சையைச் செய்யலாம் என்பதே அன்றைய சம்பிரதாயம். கேட்பதற்கு விவேகமான யோசனைதான். வளரும்வரை உயிரோடு இருக்க இயலாத குழந்தைகளை அந்த யோசனை கணக்கில் சேர்க்கவில்லை என்பதே அதன் குறை. பிறவி இருதயக் கோளாறுகளில் மிகக் கொடியவை முதல் ஆண்டுக்குள்ளேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

இந்தச் சம்பிரதாயத்தை முதலில் அசைத்தவர்கள் ஜப்பானியர். சென்டாய் நகரின் தோஹோகு சர்வகலாசாலையில் ஹோரியுச்சி, சிசுக்களை வெளியிலிருந்தே குளிர்வித்துக் கீழறைத் துவாரங்களைத் தைத்த அனுபவத்தை 1963-ல் வெளியிட்டார். கியோட்டோவில் ஹிகாசாவின் குழுவினர் ஒரு படி மேலே சென்று, குளிர்விப்பதற்குப் பனிக்கட்டியும் சூடேற்றுவதற்கு இயந்திரமுமாக இரண்டையும் இணைத்தார்கள். அந்த இணைப்பின் மகிமையை உணர்ந்து உலகத்துக்கு எடுத்துக் காட்டியது நியூஜீலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள கிரீன் லேன் மருத்துவமனை. அங்கே பிரையன் பாரட்-பாய்ஸ் என்னும் ரணவைத்தியரும், மாரி சிம்ப்ஸன் என்னும் மயக்க மருத்துவரும், ஜான் நூட்ஸே என்னும் இருதய வைத்தியரும் சேர்ந்து 1969 முதல் செய்துவந்த சிகிச்சைகளின் விவரம் 1971-ல் அச்சில் வந்தது.

அவர்கள் செய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு முதலில் மயக்க மருந்து கொடுத்து, நடுக்கம் எழாதபடி தசைகளைத் தளர்த்திவிடுவார்கள். பிறகு பனிக்கட்டி நிரப்பிய பைகளை உடலைச் சுற்றிலும் அடுக்குவார்கள். எடையோடு ஒப்பிட்டால் பெரியவரைக் காட்டிலும் குழந்தைக்குத் தோலின் பரப்பு மிகுதி. மேலே போர்த்திய கொழுப்பும் குறைவு. ஆகையால் அது விரைவிலேயே, உடம்பு முழுவதும் ஒரு சீராக, குளிர்ந்துவிடும். பெரியவர்களைக் கொல்லக்கூடிய அந்த ஒழுங்கற்ற படபடப்பும் சிசுவின் இருதயத்துக்கு எளிதில் வருவதில்லை. உஷ்ணம் 25 டிகிரியை நெருங்கியதும் மார்பைத் திறந்து, இயந்திரத்தைச் சில நிமிஷங்கள் இணைத்து இன்னும் சில டிகிரிகள் இறக்கி, இரத்தத்தை வடித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். குழாய்களையும் எடுத்துவிடலாம். துடிப்பில்லாத, இரத்தமில்லாத, தளர்ந்த இருதயம் ரணவைத்தியரின் எதிரே திறந்து கிடக்கும். தைத்து முடித்தபின் இயந்திரம் மீண்டும் ஓடும்; இரத்தம் சூடேறும்; இருதயம் தானே துடிக்க ஆரம்பிக்கும். இயந்திரத்தோடு சிசுவின் இரத்தம் கலந்து ஓடும் காலம் இவ்வாறு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

குளிர், ரணவைத்தியருக்கு ஒரு மணி நேர அவகாசத்தைத் தந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று: குழந்தை வளரட்டும் என்று காத்திருக்கும் அந்த நாலைந்து ஆண்டுகளை அது ஒழித்துவிட்டது. தற்காலிக ஏற்பாட்டுக்காக ஒரு முறையும் உண்மையான சிகிச்சைக்காக மறுமுறையும் மார்பைத் திறப்பதை விடுத்து, முதல் மாதங்களிலேயே, முடியுமானால் முதல் வாரங்களிலேயே, ஒரே தடவையில் சீர்திருத்திவிடலாம் என்ற கொள்கை ஆக்லாந்திலிருந்து புறப்பட்டது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 1972 முதல் தலைமை வகித்த ஆல்டோ காஸ்டனேடா அதைத் தம் கொள்கையாகவே ஏற்று வளர்த்தார்.

அந்தக் கொள்கையின் உச்சம் பெருநாளங்கள் இடம்மாறிப் பிறக்கும் கோளாறில் காணப்பட்டது. இக்குழந்தைகளுக்கு உடலுக்குச் செல்ல வேண்டிய மகாதமனி வலது கீழறையிலிருந்தும், நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய தமனி இடது கீழறையிலிருந்தும் கிளம்புகின்றன. பிராணவாயு ஏற்ற இரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. பிராணவாயு இழந்த இரத்தம் உடலுக்கே திரும்பி வருகிறது. இரண்டு தமனிகளையும் வெட்டி இடம் மாற்றிப் பொருத்துவதோடு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமேயுள்ள இருதயத்தின் சொந்த இரத்தக் குழாய்களையும் பெயர்த்து நடவேண்டும். 1975-ல் பிரேசில் நாட்டு சாவோ பாலோவில் ஜாட்டேனே இதைச் செய்து காட்டினார். இங்கே காத்திருக்க இடமே கிடையாது; ஏனெனில் நுரையீரலின் எளிய அழுத்தத்துக்கு மட்டும் உழைக்கும் இடது கீழறை சில வாரங்களில் வலுவிழந்துபோய், பிறகு உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளச் சக்தியற்றதாகிவிடும். பிறந்த சில நாட்களுக்குள்ளேயே இந்தச் சிகிச்சையைச் செய்வது 1983 முதல் பாஸ்டனில் ஆரம்பமாயிற்று. கடுங்குளிரும் இரத்தவோட்ட நிறுத்தமும் அதற்குக் கைகொடுத்தன.

குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்னும் கேள்வி அதன் பிறகுதான் எழ முடிந்தது. 1980-களின் நடுவில் சிகிச்சை முடிந்த சில நாட்களில் சில குழந்தைகளின் கைகால்களும் முகமும் நாக்கும் தம் வசமின்றி நெளியத் தொடங்கின. சிலருக்கு அது மாறவேயில்லை. காரணத்தைத் தேடியவர்களில் சிலரின் கவனம் இரத்தத்தின் அமிலக் கார நிலையின் மீது சென்றது. இரத்தம் குளிரும்போது கரியமில வாயு அதில் அதிகமாகக் கரைந்து, அதன் அழுத்தம் தாழ்ந்து, இரத்தம் காரத்தன்மை மிகுந்ததாகிறது. குளிர்ந்த இரத்தமுடைய மீனும் ஊர்வனவும் இந்த மாற்றத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. அதுவே இயற்கையின் நெறி என்று வாதித்து, அந்தப் பத்தாண்டில் பல மருத்துவமனைகள் அவ்வழிக்கு மாறியிருந்தன. குளிர்கால உறக்கம் கொள்ளும் பாலூட்டிகளோ அப்படிச் செய்வதில்லை. அவை மூச்சைக் குறைத்துக் கரியமில வாயுவை உள்ளே தேக்கி, இரத்தத்தின் நிலையை மாறாமல் காக்கின்றன. பிகலோவின் பண்ணையில் உறங்கிய பிராணியிடம் கற்க வேண்டியிருந்தது இதுதான். இயந்திரத்தின் வழியே சிறிது கரியமில வாயுவைச் சேர்த்துக் கொடுத்தால் மூளையின் நாளங்கள் விரிகின்றன. குளிர்ந்த இரத்தம் மூளையின் ஆழம்வரை பரவுகிறது. வெளியே குளிர்ந்தும் உள்ளே சூடாகவும் ஒரு பகுதி மிஞ்சி, அங்கே பிராணவாயு தீர்ந்துபோகும் அபாயம் குறைகிறது. பாஸ்டனில் 182 சிசுக்களை இரு வகையாகப் பிரித்து நடத்திய பரிசோதனையின் முடிவு 1997-ல் வெளிவந்தபோது, வாயு சேர்க்கப்பட்ட குழந்தைகளின் மூளை மின்னலைகள் விரைவில் திரும்பியதும், மொத்தத்தில் அவர்கள் சற்று நலமாகவே இருந்ததும் தெரிந்தன. மீனை விட்டுப் பாலூட்டியின் பக்கம் பலர் திரும்பினார்கள். குளிர்விப்பதில் அவசரம் கூடாது, இருபது நிமிஷமாவது அதற்கு ஒதுக்க வேண்டும் என்பதும், சூடேற்றும்போது 37 டிகிரியைத் தாண்டவிடலாகாது என்பதும் இதே காலத்தில் படிந்த விதிகள்.

இதைவிடத் துணிகரமான பரிசோதனை ஒன்று அதற்கு முன்பே அதே மருத்துவமனையில் தொடங்கியிருந்தது. இரத்தவோட்டத்தை முற்றிலும் நிறுத்துவது நல்லதா, அதே குளிரில் மெல்லிய ஓட்டத்தை விடாமல் வைத்துக்கொள்வது நல்லதா? 1988-க்கும் 1992-க்கும் இடையில் நாளங்கள் இடம்மாறிய 171 சிசுக்களை, பெற்றோர் சம்மதத்தோடு, குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். தாங்கள் கைதேர்ந்து கீர்த்தி பெற்ற முறையையே விசாரணைக்கு உட்படுத்திய அந்த ரணவைத்தியர்களின் நேர்மையை அவர்களுடைய கைத்திறத்துக்கு ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன். இன்னும் ஒன்று: குழந்தை வீடு திரும்பியதும் கோப்பை மூடிவிடாமல், ஒரு வயதிலும் நான்கு வயதிலும் எட்டு வயதிலும் பதினாறு வயதிலும் அந்தக் குழந்தைகளை அழைத்துச் சோதித்தார்கள். அதைத் தொடர்ந்து நடத்தியவர்களில் ஜேன் நியூபர்கர், டேவிட் பெல்லிங்கர் இருவரின் பெயர்களைக் குறிப்பிடாமலிருக்க முடியாது.

கண்டது என்ன? ஓட்டம் நிறுத்தப்பட்ட பிரிவில் சிகிச்சைக்குப் பிந்திய நாட்களில் வலிப்பு மிகுதியாகக் காணப்பட்டது. ஒரு வயதில் அவர்களுடைய கைகால் இயக்க வளர்ச்சி பின்தங்கியிருந்தது. எட்டு வயதில் பொதுவான அறிவுத்திறம் இரு பிரிவுக்கும் ஏறத்தாழச் சராசரியை ஒட்டியே இருந்தபோதிலும், ஓட்டம் நிறுத்தப்பட்டவர்களுக்குக் கைவேலை நுட்பத்திலும் பேச்சொலிகளைக் கோத்து உச்சரிப்பதிலும் இடர்ப்பாடு மிகுந்திருந்தது. மெல்லிய ஓட்டம் பெற்றவர்களிடத்திலோ அவசர புத்தியும் நடத்தைக் கோளாறும் சற்று அதிகம். இரண்டு பாதைகளில் ஒன்று முற்றும் நல்லது, மற்றொன்று முற்றும் தீயது என்று தீர்ப்புச் சொல்ல விரும்பியவர்களுக்கு இது ஏமாற்றமே. நிமிஷக் கணக்கை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 41 நிமிஷம்வரை நிறுத்தியதால் பெரிய தீங்கு புலப்படவில்லை. அதைத் தாண்டியபின் மதிப்பெண்கள் சரியத் தொடங்கின. ஒரு மணி நேர அவகாசம் என்று முன்னாளில் நம்பியிருந்தது இவ்வாறு சுருங்கிற்று.

பதினாறு வயதில் சோதித்தபோது, இரு பிரிவுக்கும் இடையே இருந்த பேதங்கள் பெரும்பாலும் தேய்ந்து போயிருந்தன. ஆனால் இரு பிரிவுக்கும் பொதுவான குறை ஒன்று தெளிவாக நின்றது. இரு பிரிவையும் சேர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 65 பேருக்குப் பள்ளி நாட்களில் தனிப்பயிற்சியோ வேறு துணையோ தேவைப்பட்டிருந்தது. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, இட அமைப்பை மனத்தில் பிடித்து வரைவது, பிறர் மனத்தை முகத்திலிருந்து படிப்பது ஆகியவற்றில் அவர்களில் பலர் தடுமாறினர். இதற்கு அந்த ஒரு நாளின் குளிரையும் நிறுத்தத்தையும் மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இத்தகைய கோளாறோடு பிறக்கும் சிசுக்களின் மூளை, சிகிச்சைக்கு முன்னரே, கர்ப்பத்தில் பிராணவாயு குறைவாகக் கிடைத்ததனால் போலும், வயதுக்கேற்ற முதிர்ச்சி பெறாமல் இருப்பதைப் பின்னர் எடுத்த படங்கள் காட்டின. இந்தக் குறைகளோடு கணக்கு வாசிக்கும் ஒரு பதினாறு வயதுப் பையன், சிகிச்சையின்றி விட்டிருந்தால் பெரும்பாலும் தன் முதல் பிறந்தநாளைக் கண்டிருக்க மாட்டான் என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

இன்றைய நிலை என்னவென்றால், இயந்திரங்கள் சிறுத்துவிட்டன; பிறந்த குழந்தைக்கென்றே அமைந்த சிறு குழாய்களும் கலங்களும் வந்துவிட்டன; முற்றிலும் நிறுத்தாமலே பல சிகிச்சைகளை மிதமான குளிரில் செய்து முடிக்கிறார்கள். இருப்பினும் மகாதமனியின் வளைவையே வெட்டிச் சீர்திருத்த வேண்டியபோது, குறிப்பாக இடது இருதயம் வளர்ச்சியற்றுப் பிறந்த குழந்தைகளுக்கு நார்வுட் வகுத்த முதற்கட்டச் சிகிச்சையில், கடுங்குளிரை விட்டொழிக்க முடியவில்லை. அங்கும் வலது கைக்குச் செல்லும் தமனி வழியாக மூளைக்கு மாத்திரம் தனியே இரத்தம் அனுப்பிக்கொண்டு, மற்ற உடலுக்கு நிறுத்திவைக்கும் யுக்தி பரவியிருக்கிறது. தர்க்கத்துக்கு மிகப் பொருத்தமான யுக்தி. ஆனால் மிச்சிகனில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வயதில் சோதித்த குழந்தைகளிடையே அதனால் விளைந்த மேன்மை ஒன்றும் தென்படவில்லை. அரைமணிக்குள் முடியுமானால் முழுதும் நிறுத்திவிட்டுத் தெளிவாகத் தைப்பதே நல்லதென்பாரும், ஒரு நிமிஷமும் மூளையைப் பட்டினி போடலாகாது என்பாரும் இன்றும் இருசாரார் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் அனுபவத்தின் பலம் உண்டு.

2012-ல் அமெரிக்க இருதய சங்கம், சிசுப் பருவத்தில் இருதயத்தைத் திறந்து சிகிச்சை பெற்ற குழந்தைகள் யாவரையும், வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தாலும், குறிப்பிட்ட வயதுகளில் பேச்சு, இயக்கம், கவனம், கற்றல் ஆகியவற்றில் முறையாகச் சோதிக்க வேண்டுமென்று அறிக்கை வெளியிட்டது. பாஸ்டன் பிள்ளைகள் பதினாறு ஆண்டுகள் வந்துபோனதன் பயன்களில் அதுவும் ஒன்று. இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய் தந்தையர் இந்தச் சபையில் இருப்பின், ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது மார்பிலுள்ள தழும்பின் கதையை ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். எழுத்து கோணலாயிருப்பதையும், கரும்பலகையைப் பார்த்து எழுதத் தாமதிப்பதையும் சோம்பல் என்று எண்ணித் தண்டிக்க விடாதீர்கள். பேச்சுக்கும் கைவேலைக்கும் பயிற்சி தரவல்லவர்களிடம் ஐந்து வயதுக்குள் காட்டினால், அந்த வயதில் திருந்தக்கூடியது அதிகம்.